குருவையாவைத் தரை பிடித்த கோடை

பங்குனி மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை, பகல் மூன்று மணிக்கு, சாத்தூருக்குக் கிழக்கே குழாயடித் தெருவில், ராத்திரியெல்லாம் பால் வண்டி ஓட்டிவிட்டு வந்து பாய்கூட விரிக்காமல் வெறும் சிமெண்டுத் தரையில் மல்லாந்து தூங்கிய குருவையா கண் விழித்து எழுந்திருக்கப் பார்த்தபோது, தரை அவனை விடவில்லை.

அவன் மல்லாந்து படுக்கிற ஆள் இல்லை. கல்யாணமான இருபத்திரண்டு வருஷமாக இடது பக்கம் ஒருக்களித்து, வலது கையைத் தொடைக்கு நடுவே செருகிக்கொண்டு தூங்கித்தான் பழக்கம். ஆனால் அன்றைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை அடுப்பில் ஏற்றிய கல்லைப்போலக் காய்ந்து கிடந்தது. காற்றாடி வெந்நீர் ஆவியைத்தான் கீழே தள்ளியது. உடம்பில் எந்த இடமும் எந்த இடத்தையும் தொடக் கூடாது என்று தோன்ற, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, கையைக் காலை நாலு திசைக்கும் விரித்துப் படுத்தான். முதுகுக்குத் தரை சில்லென்று இருந்தது. அந்தச் சில்லிப்பில் அவன் தூங்கிப்போனான், தரை அவனைப் பிடித்துக்கொண்டது.

"கனி, என்னைக் கொஞ்சம் தூக்கி விடு. கை மரத்துப்போச்சு போல."

நோட்டுப் புத்தகக் கம்பெனியில் லேபிள் ஒட்டிவிட்டு அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்த சண்முகக்கனி, பையைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள். கை வரவில்லை. தோளைப் பிடித்தாள், தோள் வரவில்லை. தலைக்கு அடியில் விரலை விடப் பார்த்தாள். தலைக்கும் தரைக்கும் நடுவில் இடமே இல்லை.

அடுத்த வீட்டு எஸ்தர் வந்தாள். அவள் பால்வாடி டீச்சர், எதையும் பதறாமல் பார்க்கிறவள். ஆமணக்கெண்ணெய் ஊற்றினார்கள், சோப்புத் தண்ணீர் விட்டார்கள், தோசைக் கரண்டியை முதுகோரத்தில் செருகிப் பார்த்தார்கள், ஆறு ஆண்கள் சேர்ந்து இழுத்து ஒருத்தனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. குருவையாவுக்கு வலியில்லை. கூச்சமாகத்தான் இருந்தது. "இந்த லுங்கியைக் கொஞ்சம் சரி பண்ணுங்கப்பா," என்று மட்டும் சொன்னான்.

சாயங்காலம் வந்த டாக்டர் முட்டி போட்டுக் குனிந்து பார்த்து, தரையைத் தட்டி, இது தன் படிப்பில் இல்லை என்று ஒளிக்காமல் சொன்னார். ஆனால் அவர் கிளம்புவதற்குள் குருவையா அசதியில் கண் அசந்தான். குறட்டை எழுந்தது. எழுந்த குறட்டை பாதியில் அறுந்தது. நெஞ்சு ஏறவில்லை, இறங்கவில்லை. டாக்டர் கையைத் திருப்பி மணி பார்த்தார். பிறகு குருவையாவின் கன்னத்தில் ஓங்கித் தட்டினார். அவன் தண்ணீருக்குள்ளிருந்து வெளியே வருகிறவன்போல் மூச்சை இழுத்துக்கொண்டு விழித்தான்.

"தரையை விடுங்கம்மா," என்றார் டாக்டர். "இதுதான் ஆபத்து. மல்லாந்து தூங்கினா இவருக்கு நாக்கு பின்னால சரிஞ்சு தொண்டையை அடைக்குது. இத்தனை நாள் ஒருக்களிச்சுப் படுத்ததால தப்பிச்சிருக்கார். இனிமே இவர் தூங்கும்போது பக்கத்துல ஒரு ஆள் முழிச்சிருக்கணும். மூச்சு நின்னா எழுப்பணும்."

"எத்தனை தடவைங்க?"

"நிக்கும்போதெல்லாம்."

முதல் வாரம் குழாயடித் தெரு முழுக்க அந்த ஒற்றை அறைக்குள் இருந்தது. எஸ்தர் கதவில் சாக்பீஸால் முறை எழுதினாள்: வீட்டுக்கு இரண்டு மணி நேரம், பதினான்கு வீடு. ஒருத்தி காய் நறுக்கிக்கொண்டே அவன் மூச்சை எண்ணினாள். ஒருத்தர் பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு, குறட்டை அறுந்த மாத்திரத்தில் அதைக்கொண்டு அவன் நெற்றியில் அடித்தார்.

அறைக்குள் ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டவளும் எஸ்தர்தான். உச்சிப்பொழுதில் அது நாற்பதைக் காட்டியது. வெக்கை தாங்காமல் கிடக்கிறவனுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று மீன் கடையிலிருந்து ஒரு பார் ஐஸ் வாங்கி வந்து, சாக்கில் சுற்றி அவனுடைய வலது கையோரம் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் குருவையா கத்தினான்: "சுண்டு விரல்! சுண்டு விரல் வந்துட்டு!" சுண்டு விரல் தனியாக எழும்பி ஆடியது. எஸ்தர் தெர்மாமீட்டரைக் கழற்றி அந்த இடத்தில் வைத்துப் பார்த்தாள். பதினெட்டு. ஐஸ் கரைந்து சூடு ஏற ஏற, அவன் எவ்வளவு மடக்கிப் பிடித்தும் கேளாமல், விரல் தானாகத் தாழ்ந்து தரையில் போய் ஒட்டிக்கொண்டது.

ஆக, அறை பதினெட்டு டிகிரிக்கு வந்தால் தரை அவனை விட்டுவிடும் என்று எல்லோருக்கும் தெரிந்துபோனது. அறை பதினெட்டுக்கு வராது என்பதும் ஒரே வாரத்தில் தெரிந்துபோனது. அறுபது பார் ஐஸ் இறக்கி அவனைச் சுற்றி அடுக்கினார்கள்; ஓரம் விட்டாலும் முதுகுக்கு நடுவே சூடு போகவில்லை. அறை இருபத்தாறுக்குக் கீழே இறங்கவில்லை. கல்யாண மண்டபத்திலிருந்து இரண்டு ஏசி கொண்டுவந்து மாட்டினார்கள். தெருவின் டிரான்ஸ்பார்மர் நீலமாக ஒரு தடவை மின்னி அணைந்து, பதினான்கு வீட்டுக்கும் இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் போனது. அதற்குப் பிறகு ஏசி என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. மார்கழி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். மார்கழியிலும் அந்தக் கூரைக்குக் கீழே பதினெட்டு வருமா என்று கனி கேட்டதற்கு, வந்தாலும் வரும் என்றார்கள்.

இப்படியாக, தரையில் ஒரு ஆள் ஒட்டியிருப்பது தெருவுக்குப் பழகிப்போனது. எப்போதும் வீட்டில் இருக்கிற ஆள் என்பதால் வெளியூர் போகிறவர்கள் சாவியை அவன் நெஞ்சின்மேல் வைத்துவிட்டுப் போனார்கள். சிலிண்டர்காரன் அவனிடம் கேட்டு எந்த வீட்டுக்கு எப்போது போட வேண்டும் என்று தெரிந்துகொண்டான். ஆதார் புதுப்பிக்க வந்த ஆள் ஸ்டூல்மேல் ஏறி நின்று மேலிருந்து கீழாகப் போட்டோ பிடித்தான். சித்திரைக் கொடையில் அம்மன் சப்பரம் வாசலில் நின்று, பூசாரி உள்ளே வந்து நெற்றியில் திருநீறு பூசிவிட்டுப் போனார். அவன் தரையோடு தரையாகிவிட்டதால் ரத்த அழுத்தம் குறைந்திருக்கிறது என்றுகூட ஒருவர் சொன்னார்.

அவனுக்கு ஊட்டுவது, துடைப்பது, மற்றதெல்லாம் கனிதான். அந்த மற்றதைப் பற்றித் தெருவில் யாரும் கேட்கவில்லை.

வைகாசியில் வேறொன்று நடந்தது. ஒரு நாள் மத்தியானம் குருவையா, "தண்ணி வருது," என்றான். அவன் முதுகுக்கு அடியில்தான் தெருவின் மெயின் குழாய் ஓடியது. எட்டு நாளைக்கு ஒரு தடவை, எந்த நேரம் என்று இல்லாமல் திறந்து விடுகிற தண்ணீர், மேட்டுத் தெருவைக் கடக்கும்போதே அதன் அதிர்வு அவன் தண்டுவடத்தில் ஏறியது. சொன்ன அரை மணியில் தண்ணீர் வந்தது. அடுத்த தடவையும் வந்தது. அதற்குப் பிறகு யாரும் வேலைக்கு லீவு போட்டுக்கொண்டு குழாயடியில் குடம் வைத்துக் காத்திருக்கவில்லை. கதவருகே வந்து தலையை நீட்டி, "அண்ணே, இன்னிக்கு உண்டா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். குழாயடித் தெருவில் அந்தக் கோடையில் ஒரு வீட்டிலும் குடம் காலியாக இல்லை.

கேட்க வந்தவர்கள் உட்காரவில்லை. முதலில் முறை இரண்டு மணி நேரத்திலிருந்து ஒரு மணியானது. பிறகு ஒருத்தி மகள் வீட்டுக்குப் போனாள், ஒருத்தருக்குச் சர்க்கரை ஏறியது, ஒருத்தி தன் மகனை அனுப்ப, அவன் போனைப் பார்த்துக்கொண்டே மூச்சைத் தவறவிட்டான். ஆனி பிறந்தபோது கதவில் சாக்பீஸ் எழுத்து மங்கி, எஸ்தர் பேரும் கனி பேரும் மட்டும் வாசிக்கிற மாதிரி இருந்தது. எஸ்தருக்குப் பால்வாடி இருந்தது. பகலில் கனி, ராத்திரியில் கனி. நோட்டுக் கம்பெனியில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று என்று சொல்லி அனுப்பினார்கள்.

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். குறட்டை ஓடிக்கொண்டிருக்கும்வரை கண்ணை மூடலாம். அது நின்றால் திறக்க வேண்டும். இப்படித் துண்டு துண்டாகக் கிடைத்ததைத் தூக்கம் என்று சொல்ல முடியாது. தரையில் சரியக் கூடாது, படுக்கவே கூடாது என்று தெருவே அவளை எச்சரித்திருந்தது: "நீயும் ஒட்டிக்கிட்டா யாரு மதினி பார்ப்பா?" அதனால் கோடை முழுக்க அவள் முதுகு தரையைத் தொடவில்லை. உப்பு என்று சர்க்கரையை அள்ளிப் போட்டாள். தெருமுனையில் நின்று தன் வீடு எந்தப் பக்கம் என்று யோசித்தாள். ஒரு நாள் எஸ்தரைத் தன் அம்மா பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

ஆடி மாதம் ஒரு காலையில், குருவையாவின் முகத்தைத் துடைத்துக்கொண்டே கனி சொன்னாள்:

"தரையை வெட்டிருவோமுங்க."

"என்னது?"

"உங்களைச் சுத்தி வெட்டி, அப்படியே பலகை மாதிரி தூக்கிட்டுப் போய், மெயின் ரோட்டுல மிளகாய் வத்தல் மூட்டை வைக்கிற குளிர் கிட்டங்கி இருக்குல்லா, அங்க வச்சா பதினெட்டு என்ன, பத்துகூட வரும். அந்தோணிகிட்டக் கேட்டுட்டேன். கல்லு வெட்டுற மிஷின் இருக்குன்னான்."

குருவையா கூரையைப் பார்த்தான். நான்கு மாதமாக அவன் பார்த்ததெல்லாம் அதுதான். "வெட்டும்போது முதுகோட வந்துட்டா?"

"அந்தோணி அளந்து வெட்டுவான்."

"தண்ணி வர்றதை யாரு சொல்லுவா? தெருவே என்னை நம்பி இருக்கு, கனி. வண்டி ஓட்டும்போது ஒருத்தன் என்கிட்ட நின்னு பேசினது கிடையாது."

தெருவும் அதையேதான் சொன்னது. வேறு வார்த்தையில். கூட்டம் அவன் கால்மாட்டிலேயே நடந்தது. வீட்டுக்காரர் வன்னியப்பெருமாள், தரையை வெட்டினால் சுவர் இறங்கும், சுவர் இறங்கினால் அடுத்த வீடும் இறங்கும் என்றார். மார்கழிக்கு இன்னும் நாலே மாசம்தானே என்றார்கள். ஆளு நல்லாத்தானே இருக்காரு, சாப்பிடுதாரு, பேசுதாரு என்றார்கள். யாரோ ஒருத்தி, "பொண்டாட்டி பார்க்காம வேற யாரு பார்ப்பா?" என்றாள், சத்தமில்லாமல், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி.

எல்லோரும் போன பிறகு கனி அவன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அவள் கண்ணுக்குக் கீழே கருமை கன்னம்வரை இறங்கியிருந்தது.

"நான் தூங்கினா நீங்க செத்துப்போவீங்க," என்றாள். "தூங்கலைன்னா நான் செத்துப்போவேன். இதுல எதுன்னு நீங்களே சொல்லுங்க."

குருவையா கண்ணை மூடிக்கொண்டான். மூடியவன் தூங்கிப்போனான்.

நான்காம் நாள் பகல் பதினோரு மணிக்கு அது நடந்தது. குறட்டை ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் சாய்ந்திருந்த கனியின் கண் மூடியது. குறட்டை நின்றது, கண் திறக்கவில்லை. அவள் கூப்பிட முடியாத தூரத்துக்குப் போயிருந்தாள். தலை தோளில் சரிந்து, வாயோரம் எச்சில் வழிய, நான்கு மாதத்தில் முதல் தடவையாக அவள் முகம் தளர்ந்து இருந்தது. அவளுக்கு ஒரு முழம் தள்ளி அவன் உதடு நீலம் பாரித்துக்கொண்டிருந்தது.

எஸ்தருக்கு அன்றைக்குப் பால்வாடி லீவு. தண்ணீர் உண்டா என்று கேட்க, பிளாஸ்டிக் குடத்தோடு வந்தாள். இரண்டு பேரும் அமைதியாக இருப்பதைப் பார்த்து ஒரு கணம் நல்லதுதான் என்று நினைத்தாள். அப்புறம்தான் உதட்டைப் பார்த்தாள். குடத்தாலேயே அவன் நெஞ்சில் அடித்தாள். அடித்தாள், அடித்தாள், குடம் விரிசல் விடும்வரை அடித்தாள். ஏழாவது அடியிலோ எட்டாவது அடியிலோ குருவையா ஊளைபோல ஒரு மூச்சை இழுத்தான்.

அத்தனை சத்தத்திலும் கனி விழிக்கவில்லை. குருவையாவால் தலையைத் திருப்ப முடியாது. கண்ணை மட்டும் ஓரத்துக்குத் தள்ளி, சுவரோரம் கிடக்கிற அவளுடைய காலைப் பார்த்தான். பாதம் வீங்கி, விரல்கள் விரிந்து கிடந்தன.

"அவளை எழுப்பாதீங்க, டீச்சர்," என்றான். மூச்சு வாங்கியது. "நான் முழிச்சே இருக்கேன். அந்தோணியை வரச் சொல்லுங்க."

எஸ்தர் தெருவில் இறங்கி நின்று, ஒவ்வொரு வீட்டுக் கதவாகப் பார்த்துச் சத்தம் போட்டாள். என்ன சொன்னாள் என்பதைத் தெரு இப்போதும் திருப்பிச் சொல்வதில்லை. அன்று சாயங்காலமே வன்னியப்பெருமாள் சம்மதித்தார்.

இரண்டு நாள் வெட்டினார்கள். மிஷின் சத்தத்தில் கூரை அதிர்ந்தது, வெள்ளைத் தூள் பறந்து குருவையாவின் புருவத்தில் படிந்தது. அந்தோணி அவன் உடம்பிலிருந்து நான்கு விரல் தள்ளிக் கோடு போட்டு, கோட்டை விட்டு விலகாமல் வெட்டினான். கீழே மண்ணைக் குடைந்து இரும்புக் கம்பிகளைச் செருகினார்கள். வாசல் நிலையைப் பெயர்த்தார்கள். மூன்றாம் நாள் காலை இருபத்திரண்டு பேர் தோள் கொடுக்க, குருவையா தன் தரையோடு வீட்டைவிட்டு வெளியே வந்தான்.

அவன் வானத்தைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினான். குடை பிடித்தார்கள். தெருப் பெண்கள் முன்னால் நடந்து, சூடு ஏறாமல் இருக்கப் பலகையின்மேல் தண்ணீர் தெளித்தார்கள். மெயின் ரோட்டில் பஸ் நின்றது, லாரி நின்றது, ஆட்கள் இறங்கிப் பார்த்துவிட்டு, வழி விட்டுவிட்டு, மறுபடி ஏறிக்கொண்டார்கள். குளிர் கிட்டங்கி மேனேஜர் வத்தல் மூட்டைகளை ஓரத்துக்குத் தள்ளி ஓர் அறையைக் காலி செய்து வைத்திருந்தார். காவல்காரர் மூக்கன் கனமான கதவை இழுத்துத் திறந்து, வந்தவர்களுக்கெல்லாம் கம்பளி கொடுத்தார்.

உள்ளே பலகையை வைத்துவிட்டு எல்லோரும் சுற்றி நின்றார்கள். எஸ்தர் தெர்மாமீட்டரைப் பிடித்துக்கொண்டு வாசித்தாள். இருபத்தாறு. இருபத்துமூன்று. இருபது. பதினெட்டில் சுண்டு விரல் எழுந்தது. பிறகு கை, பிறகு குதிகால், பிறகு இடுப்பு. பின்மண்டை கடைசியாக, ஈரத் துணியைக் கல்லிலிருந்து உரிக்கிற சத்தத்தோடு விட்டது. குருவையா எழுந்து நிற்பான் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவன் எழுந்திருக்கவில்லை. இடது பக்கம் ஒருக்களித்து, கையைத் தொடைக்கு நடுவே செருகிக்கொண்டு, அந்தக் குளிரிலேயே தூங்கிப்போனான். குறட்டை இல்லை. மூச்சு ஒரே சீராக வந்தது.

இருபத்திரண்டு ஆண்களும் சத்தமில்லாமல் அழுதார்கள். கனி மட்டும் குனிந்து, காதை அவன் மூக்கருகே கொண்டுபோய்க் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

வீட்டில் புதுச் சிமெண்டு பூசியாயிற்று. குருவையா பால் வண்டிக்குப் போனான், பகலில் வந்து கயிற்றுக் கட்டிலில் படுத்தான். தூக்கத்தில் மல்லாந்துவிடாமல் இருக்கக் கனி அவன் பனியன் முதுகில் ஒரு ரப்பர் பந்தை வைத்துத் தைத்திருந்தாள். அவன் ஒருக்களித்தே தூங்கினான். தெரு மறுபடி குழாயடியில் குடத்தை வரிசை வைத்தது.

கனிக்குத் தூக்கம் வரவில்லை. படுக்கலாம், யாரும் தடுக்கவில்லை; தரை அவளை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் படுத்த இரண்டு நிமிஷத்தில் எழுந்து, கட்டிலருகே போய், அவன் மூக்குக்கு நேராகப் புறங்கையை வைத்துப் பார்த்தாள். மூச்சு வந்தது. படுத்தாள். எழுந்தாள். சில சமயம் மூச்சு வரும்போதே அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"மூச்சு விட்டுட்டுத்தானே இருக்கேன்?" என்றான் ஒரு நாள், கண்ணைக் கசக்கிக்கொண்டு.

"ஆமா. கேட்டுச்சு."

"அப்புறம் எதுக்கு எழுப்புறே?"

"தெரியலைங்க," என்றாள். "நின்னுரும்னு காத்துக்கிட்டே இருக்கேன். அது நிக்க மாட்டேங்குது."

ஆவணி முழுதும் அப்படியே போனது. புரட்டாசியில் ஒரு நாள், இரவல் வாங்கிய கம்பளிகளைத் துவைத்து மடித்துக் குளிர் கிட்டங்கியில் கொடுக்கப் போனாள். கம்ப்ரஸர் ஓடுகிற அறைக்குப் பக்கத்தில் காலிச் சாக்குகள் அடுக்கிய சின்ன அறை. சுவர் வழியே கசிகிற குளிரில் அது ஐப்பசி விடியல்போல இருந்தது. இயந்திரத்தின் இரைச்சலில் தன் குரலே தனக்குக் கேட்கவில்லை. மூக்கன் கையெழுத்து வாங்க நோட்டு எடுக்கப் போனார். திரும்பி வந்தபோது அவள் சாக்குகளின்மேல் கிடந்தாள். செத்துவிட்டாள் என்று நினைத்துக் குனிந்தவர், இல்லை என்று தெரிந்ததும் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றுகொண்டார். மறுநாள் சாயங்காலம்தான் அவள் கண் விழித்தாள்.

அந்த வாரமே கிட்டங்கியில் வத்தலுக்குக் காம்பு கிள்ளுகிற வேலை கேட்டு வாங்கிக்கொண்டாள். விடியலில் வந்து, மத்தியானம்வரை கிள்ளி, பிறகு அந்தச் சாக்கு அறையில் தூங்கினாள். இருட்டின பிறகு, குருவையா வண்டிக்குக் கிளம்பியிருக்கும் நேரம் பார்த்து வீட்டுக்குப் போனாள். தெரு என்னென்னவோ பேசியது. பேசிவிட்டு, அதற்கும் பழகிக்கொண்டது.

ஐப்பசியில் முதல் மழை பெய்து ஓய்ந்த ஒரு பிற்பகலில், குருவையா தூக்குவாளியில் சோறு போட்டுக்கொண்டு கிட்டங்கி வாசலுக்கு வந்தான்.

"எழுப்பட்டா?" என்றார் மூக்கன்.

"வேண்டாம்ணே. தானா எழுந்துக்கட்டும்."

மூக்கன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். குருவையா உட்காரவில்லை. கொஞ்ச நேரம் தூக்குவாளியைக் கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எப்படிப் படுத்திருக்காண்ணே?"

மூக்கன் கதவை ஒரு விரல் அகலம் திறந்து பார்த்துவிட்டு வந்தார்.

"குப்புற. ஒரு காலை இப்படி மடக்கி, ஒரு கையை அப்படி வீசி, மூணு ஆளு இடத்தைப் பிடிச்சுட்டுக் கிடக்கு."

"குப்புறவா?"

"ஆமா."

குருவையா அப்போதுதான் உட்கார்ந்தான். தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு, ஈர ரோட்டைப் பார்த்தபடி சொன்னான்:

"இருபத்திரண்டு வருஷத்துல நான் பார்த்ததே இல்லைண்ணே."